பாதி நெருப்புக்கு, பாதி பானைக்கு

கைகள் முழங்கை வரை தொட்டிக்குள் இருந்தன. பனிக்கட்டித் தூள் கலந்த இறைச்சியை அடியிலிருந்து அள்ளி மேலே புரட்டி, உள்ளங்கையின் மேட்டால் அழுத்தி, மறுபடியும் அள்ளின. குளிரில் விரல்கள் சிவந்து, நகக்கண்கள் வெளுத்திருந்தன. உப்பு முன்பே சேர்ந்துவிட்டது. வெள்ளை மிளகும் ஜாதிபத்திரியும் மார்ஜோரம் இலைத் தூளும் இப்போதுதான் விழுந்தன. சற்று நேரம் கழித்து வலது கை ஓர் உருண்டையை எடுத்து இடது உள்ளங்கையில் அப்பியது. இடது கை தலைகீழாகத் திரும்பியது. உருண்டை விழுந்தால் இன்னும் பிசைய வேண்டும். விழவில்லை. ஆனாலும் அந்தக் கைக்குத் திருப்தி இல்லை. உருண்டையைத் தொட்டிக்குள் எறிந்துவிட்டு மறுபடி பிசையத் தொடங்கியது. எறிந்த வேகம் வேலைக்குத் தேவையானதைவிட அதிகம்.

அதே தொட்டியின் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கைகள் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தன. நடுவில் சந்திக்க நேரும்போதெல்லாம் இரண்டு ஜோடியும் சுடுபட்டதுபோல் விலகின. அக்கா வால்புர்கா டிப்போல்ட், ஊர் வாய்க்குப் புர்கல்; தம்பி கிலியான் டிப்போல்ட். இருவரும் கசாப்புக்காரர்கள். ஊர்த் திருவிழாவுக்கு முந்தைய நாள் இருவரும் சேர்ந்து ஒரே தொட்டியில், பிராட்வுர்ஸ்ட் என்று குடலில் அடைப்பதற்கான இறைச்சியைப் பிசைவது அவர்கள் அப்பா காலத்து வழக்கம். அந்த வாரம் சண்டை போட்டு ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தார்கள் என்பதற்காக அந்த வழக்கம் நின்றுவிடவில்லை.

ஹெட்ஸல்பாக் ஊரில் வால்புர்காவின் கடைக்கு எதிரே ரொட்டி சுடுகிறவன் நான். அந்த வாரச் சண்டை தொடங்கியதை நான் என் கடை வாசலில் நின்று கேட்டேன். இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது.

திங்கட்கிழமை காலை கிலியான் அக்காவின் கடைக்கு வந்தான். கக்கத்தில் ஒரு பலகை. அவன் திருவிழாக் கழகத்தின் தலைவனும்கூட. அவள் தொடைக்கறியிலிருந்து ஜவ்வைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"புர்கல், ஒரு விஷயம் பேசணும்."

"பேசு. கைக்குத்தான் வேலை, காது சும்மாதான் இருக்கு."

"கழகத்துல ஒரு முடிவு எடுத்திருக்கோம். இந்த வருஷம் சதுக்கத்து லிண்டன் மரத்தடியில வாட்டற அடுப்பு மட்டும்தான். உன் பானையை தீயணைப்பு வண்டிக் கொட்டகைக்குப் பின்னாடி வெச்சுக்கோ."

"பின்னாடி சாக்கடை மூடியில்ல இருக்கு."

"அதுக்குப் பக்கத்துல இடம் இருக்கு."

"பன்னிக்கா, எனக்கா?"

"கோவப்படாதே. போன வருஷம் வெளியூர்க்காரங்க வந்து பிராட்வுர்ஸ்ட் கேட்டாங்க. நீ குடுத்தது வெங்காயத் தண்ணியில நீலமா மிதந்துச்சு. செத்தவன் விரலானு கேட்டாங்க."

"தின்னாங்களா?"

"தின்னாங்க."

"மறுபடி வந்து வாங்கினாங்களா?"

"அது வேற விஷயம், புர்கல். பிராட்வுர்ஸ்ட்னா வாட்டினது. பேர்லயே இருக்கு. உன்னுது வாட்டினதில்ல, வினிகர்ல வேகவெச்சது. அதைப் போய் பிராட்வுர்ஸ்ட்னு எழுதி வெச்சா ஏமாத்து வேலைனு நெனைக்கமாட்டாங்களா?"

கத்தி நின்றது. அவன் பலகையைக் கடையின் கல்மேடைமேல் வைத்தான். பச்சை வண்ணத்தில் பூப்போட்ட எழுத்துகளில் 'புளிப்பு வுர்ஸ்ட்' என்று எழுதியிருந்தது. கழகத்தின் செலவில், அழகாகத்தான் எழுதியிருந்தார்கள்.

"இதை மாட்டிக்கோ" என்றான். "பிராட்வுர்ஸ்ட்னு மட்டும் எழுதாதே."

வாட்டுவதையும் வறுப்பதையும் எங்கள் மொழியில் 'பிராட்டன்' என்போம். குடலில் அடைத்த இறைச்சி 'வுர்ஸ்ட்'. இரண்டையும் சேர்த்தால் 'வாட்டின வுர்ஸ்ட்' என்று யாருக்கும் தோன்றும். வெளியூர்க்காரனுக்குத் தோன்றினால் மன்னிக்கலாம். பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குத் தோன்றினால்கூட மன்னிக்கலாம். பிறந்ததிலிருந்து இறைச்சித் தொட்டியின் விளிம்பில் வளர்ந்த ஒருவனுக்கு, அதுவும் டிப்போல்ட் வீட்டுப் பிள்ளைக்கு, அப்படித் தோன்றலாமா? என் கோபம் அதுதான். வால்புர்காவின் கோபம் அதைவிட ஆழமானது. அதைச் சொல்ல அவள் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவர்கள் அப்பா அதிகம் பேசாத மனிதர். பிராட்வுர்ஸ்டை அடைத்து முடித்ததும் சரத்தின் நடுவில் கத்தியை வைத்து, "பாதி நெருப்புக்கு, பாதி பானைக்கு" என்பார். ஒரு பாதியைக் கிலியான் எடுத்துப்போய் பைன் காய்கள் எரியும் அடுப்பில் வாட்டுவான். மறு பாதியை வால்புர்கா எடுத்துப்போவாள். வினிகரும் வெள்ளை ஒயினும் வெங்காயமும் போட்ட செம்புப் பானையில், கொதி வராத சூட்டில், மெதுவாக வேகவைப்பாள். வினிகரில் வெந்த குடல் லேசாக நீலம் பூக்கும். நுனிகள் கூம்பிச் சுருங்கும். அதனால் எங்கள் ஊரில் அதற்கு நீல நுனி என்று செல்லப்பேர். கொதிக்கவிட்டால் குடல் வெடித்துவிடும். அடுப்பில் தவறு செய்தால் கருகல் மறைத்துவிடும், பானை எதையும் மறைக்காது என்பாள் அவள். பானைக்குள் போகிற வுர்ஸ்டில் பிசைந்தது குறைந்தாலும், உப்பு கூடினாலும், முதல் கடியில் தெரிந்துவிடும்.

கசாப்புத் தொழிலில் பெண் என்றால் கல்லாவில் உட்காரலாம், கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கலாம். வெட்டுக்கட்டை பக்கம் போகக் கூடாது. அப்படித்தான் இருந்தது அன்று. வால்புர்கா பக்கத்து ஊர்க் கசாப்புக்கடை ஒன்றில் கூலிக்கு நின்று, எல்லாரும் மறுத்த வேலைகளைக் கேட்டு வாங்கிச் செய்து, கடைசியில் சொந்தக் கடை வைக்கத் தகுதி தரும் தலைமைத் தொழிலாளர் தேர்வுக்குப் போனாள். அறைக்குள் நுழைந்தவளைப் பார்த்து தேர்வாளர் மேசையில் இருந்த ஒருவர், "காபியை அந்த ஓரத்துல வெச்சுடும்மா" என்றாராம். "காபி இல்லீங்க, கத்திதான் கொண்டுவந்திருக்கேன்" என்றிருக்கிறாள் இவள். அன்று மாலை அவள் பிசைந்து அடைத்ததைத் தின்றுவிட்டு அதே மனிதர் இன்னொன்று கேட்டார்.

தேர்ந்து வந்த நாளில் அவள் அப்பா மதுக்கடையில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "என் வீட்டுல பிராட்வுர்ஸ்ட் செய்யறவங்க ரெண்டு பேர்" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். அவர் வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். பிறகு கடையைக் கிலியானுக்குக் கொடுத்தார், அடுப்போடும் பெயர்ப்பலகையோடும். அவளுக்குக் கொடுத்தது செம்புப் பானையை. அவள் தெருவில் என் கடைக்கு எதிரே, பழைய சலவைக் கொட்டகையை வாடகைக்கு எடுத்துச் சுண்ணாம்பு அடித்துத் தன் கடையைத் திறந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நேரம் இல்லை என்பாள், கேட்டவர் வாயை மூட.

ஆகவே அந்தத் திங்கட்கிழமை கிலியான் அந்தப் பச்சைப் பலகையை வைத்தபோது அவன் எடுத்துக்கொண்டது மரத்தடி இடத்தை மட்டும் அல்ல. கடை போனபோது அவளிடம் மிஞ்சியது அந்த ஒரு சொல். வீட்டில் பிராட்வுர்ஸ்ட் செய்கிறவர்கள் இரண்டு பேர் என்று அப்பா சொன்ன சொல். அதில் ஒருவரை இவன் அடித்து நீக்கினான். கூடவே ஏமாத்து என்றும் சொன்னான்.

"நீ போ" என்றாள் அவள் அன்று. அவள் அப்படி அடக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, திருவிழாவுக்கு எந்த நீளத்தில் ரொட்டி வேண்டும் என்று கேட்க நான் கிலியானின் கறிப் பட்டறைக்குப் போனேன். போனவன் இருவரையும் ஒரே தொட்டியில் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். கதவைச் சாத்த மறந்தேன். வெளியே அக்டோபர் வெயில். உள்ளிருந்து குளிர் அறையின் காற்று என் கால் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

"டேய் ரொட்டிக்காரா, கதவைச் சாத்துடா!" என்று கத்தினான் கிலியான். "பிரேட் சூடாகுது!"

எதிரே இருந்த கைகள் நின்றன.

"என்ன சொன்ன?" என்றாள் வால்புர்கா.

"கதவைச் சாத்தச் சொன்னேன்."

"அதுக்கப்புறம் என்ன சொன்ன?"

"பிரேட் சூடாகுதுன்னேன். சூடானா திரிஞ்சுபோகும். உனக்குத் தெரியாதா?"

"எது சூடாகுது?"

"இதுதான்!" ஒரு கை நிறைய அள்ளி அவள் மூக்குக்கு நேரே காட்டினான். "பிரேட்! கண்ணு தெரியலையா?"

"இதை வாட்டியாச்சா?"

"உனக்கென்ன பைத்தியமா? இன்னும் குடல்லயே அடைக்கல."

"வாட்டலையில்ல. அப்புறம் எதுக்கு அதை பிரேட்ங்கறே?"

கிலியானின் கையில் இருந்த இறைச்சி சொத்தென்று தொட்டியில் விழுந்தது.

"அதோட பேரு அது" என்றான்.

"யாரு வெச்ச பேரு? உன் கழகமா?"

"எல்லாக் கசாப்புக்காரனும் அப்படித்தான் சொல்றான்."

"ஏன் சொல்றான்? எலும்பு, ஜவ்வு, தோல் எல்லாத்தையும் தள்ளிட்டு மிச்சமிருக்கிற நல்ல கறியைக் கொத்தி வெச்சா அது பிரேட். இந்தத் தொட்டிக்கு முன்னாடி நம்மளை நிறுத்தி அப்பா முதல்ல சொல்லிக்குடுத்த வார்த்தை. அந்த பிரேட்தான் பேர்ல இருக்கிற பிராட். அதைக் குடல்ல அடைச்சா பிராட்வுர்ஸ்ட். அதுக்கப்புறம் நீ அதை நெருப்புல போடு, தண்ணியில போடு, ஜன்னல்ல தொங்கவிட்டுக் காக்காவுக்குக் காட்டு. பேரு குடலைக் கட்டும்போதே வெச்சாச்சு. அந்தப் பேர்ல நெருப்பே கிடையாது, கிலியான்! நீ நாள் முழுக்க வாய்ல வெச்சிட்டுத் திரியற வார்த்தை, உன் காதுக்கு மட்டும் எட்டலையா?"

அவன் சும்மா விடுகிறவன் இல்லை. "நம்ம ஊர் வாய்க்கு அது புரோட்வுர்ஸ்ட்னுதான் வருது. வாட்டறதையும் புரோட்டன்னுதான் சொல்றோம். ஊரே அப்படித்தான் நெனைக்குது."

"ரொட்டியையும் புரோட்னுதான் சொல்றோம்" என்றேன் நான் வாசலிலிருந்து. "அப்படிப் பார்த்தா அது ரொட்டி வுர்ஸ்ட். உங்க ரெண்டு பேருக்கும் இல்ல, எனக்குச் சொந்தம்."

"நீ கதவைச் சாத்து!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அந்த வாரம் அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம் அது.

சாத்தினேன். உள்ளே நின்றுகொண்டேன்.

அவள் சொன்னது சரிதான். பிரேட் என்ற சொல் பழையது. பன்றியை அறுத்து உப்புக் கறி போட்டு வைத்த காலத்திலேயே, கழிவு நீக்கிய சதைக்கு அதுதான் பெயர். வாட்டுவதற்கான சொல் வேறொரு வேரிலிருந்து வந்தது. இரண்டும் ஒலியில் ஒட்டிக்கொண்டன. நூற்றாண்டுக் கணக்கில் வுர்ஸ்டை நெருப்பில் வாட்டிக்கொண்டே இருந்ததால், நெருப்புதான் பெயர் வைத்தது என்று எல்லாரும் நம்பிவிட்டோம். அப்படி நம்புவதில் பாவம் ஒன்றும் இல்லை. அந்த நம்பிக்கையைப் பச்சை வண்ணத்தில் எழுதி, கூடப் பிறந்தவளைச் சாக்கடை ஓரத்துக்கு அனுப்புவதுதான் பாவம்.

"கழகத்துல முடிவாயிடுச்சு, புர்கல்" என்றான் கிலியான். குரல் இறங்கியிருந்தது. "ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. இப்ப நான் போய் மாத்த முடியாது."

அவள் சுவரில் சாய்த்திருந்த மரத் துடுப்பை எடுத்தாள். அவர்கள் அப்பா காலத்திலிருந்து தொட்டியைக் கிளறும் துடுப்பு. அதை அவன் கையில் கொடுத்தாள்.

"சரி. நீதான் தலைவர். கோடு போடு. அந்தப் பக்கம் பிராட்வுர்ஸ்ட், இந்தப் பக்கம் ஏமாத்து. எங்க ஆரம்பிக்குது ஏமாத்துனு எனக்குக் காட்டு."

அவன் துடுப்பைத் தொட்டியின் மேல் பிடித்தபடி நின்றான். ஒரே நிறம், ஒரே மினுமினுப்பு, ஒரே மிளகு. துடுப்பின் நுனி இங்கேயும் அங்கேயும் அலைந்தது. கடைசியில் எதையும் பார்க்காமல் நடுவில் இறக்கினான். அவள் தன் பாதியை வாளியில் அள்ளிக்கொண்டு, கதவைக் காலால் தள்ளித் திறந்து போனாள். கதவை இந்த முறை யாரும் சாத்தவில்லை.

சனிக்கிழமை திருவிழா வழிபாடு முடிந்து, ஆலய மணி அடித்து மக்கள் வெளியே வரும்போது லிண்டன் மரத்தடியில் செம்புப் பானை இருந்தது. ஒரு பக்கம் கிலியானின் அடுப்பிலிருந்து பைன் காய்ப் புகை. இந்தப் பக்கம் வினிகரும் வெங்காயமும் பிரிஞ்சி இலையும் சேர்ந்த ஆவி. அவளுடைய மேசை ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அடியில் எதையோ முட்டுக் கொடுத்திருந்தாள். குனிந்து பார்த்தேன். பச்சை எழுத்துகள் தெரிந்தன. மேசைமேல் ஒரு கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தாள்: பிராட்வுர்ஸ்ட். அதற்குக் கீழே சின்னதாக: பானையில்.

பீர் பீப்பாய்களுக்குப் பின்னால் நின்ற லோனிக்கு அதைப் பார்த்ததும் தாங்கவில்லை. ஊர் மதுவடிசாலை அவளுடையது. வாயும் அதே அளவுக்குப் பெரியது.

"புர்கல், உன் பானைக்கு இங்க அனுமதி இல்லையாமே?"

"பானை கேக்கல. நானும் கேக்கல."

"பாவம் உன் தம்பி. கழகத்துக்காரங்க அவனைப் பாக்கற பார்வையைப் பாரேன்."

கழகத்துக்காரர்கள் நீள மேசையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் கழகத்துப் பட்டை, கையில் பீர். அவர்களில் ஒருவன் சத்தமாக, "கிலியான், போய் உங்க அக்காவை நகர்த்து!" என்றான்.

"நீயே போய் நகர்த்து" என்றாள் லோனி. "அவ கையில இருக்கிற கரண்டியோட நீளத்தைப் பார்த்துட்டுப் போ."

மேசை சிரித்தது. ஆனால் யாரும் எழவில்லை. கிலியானையே பார்த்தார்கள். அவன் இடுக்கியைக் கீழே வைத்தான். முகமெல்லாம் கரி, புருவம் புகையில் சுருண்டிருந்தது. ஒவ்வொரு திருவிழாவிலும் நாள் முழுக்க அடுப்பில் நிற்கிறவனுக்குத் தான் வாட்டியதை மோந்து பார்க்கக்கூடப் பிடிக்காது. உச்சிவேளையில் அக்காவின் பானைக்கு வந்து ஒரு ஜோடி வாங்கித் தின்றுவிட்டுப் போவான். எனக்குத் தெரிந்து ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. அன்று அவன் பானையை நகர்த்த வந்தானா, தின்ன வந்தானா என்று அவனுக்கே தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். பானைக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

"புர்கல், எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். திருவிழாதானே."

"இதை நகர்த்தணும்."

"சூடான பானையை நகர்த்தக் கூடாது. காலையிலேருந்து ஏதாவது தின்னியா?"

ஆவி அவன் முகத்தில் பட்டது. கண்ணை மூடித் திறந்தான்.

"இல்ல."

"என்ன வேணும்?"

"ஒரு ஜோடி குடு."

"என்ன ஜோடி? செருப்பா?"

"விளையாடாதே, புர்கல். நுனி. ஒரு ஜோடி நீல நுனி."

அவள் கரண்டியைப் பானைக்குள் விட்டாள். இரண்டு நுனிகள் மேலே வந்தன. கரண்டியை வெளியே எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"எதோட நுனி?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். எதிரே கிலியானின் அடுப்பில் கொழுப்பு சொட்டிச் சீறியது. கவனிக்க ஆளில்லை. கழகத்து மேசையில் கோப்பைகள் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றன. அவன் கீழே பார்த்தான். மேசைக்காலுக்கு அடியில் பச்சை எழுத்து அவன் கண்ணில் பட்டிருக்க வேண்டும். நெடுநேரம் நிமிரவில்லை.

"நுனின்னா ஏதாவது ஒண்ணுக்கு நுனியா இருக்கணும்" என்றாள் அவள். குரலில் இப்போது கோபம் குறைந்து, கேட்கவே பயமாக இருக்கிற ஏதோ ஒன்று ஏறியிருந்தது. "எதோட நுனி, கிலியான்? நீயும் பிசைஞ்சேல்ல."

"பிராட்வுர்ஸ்டோட" என்றான்.

"கேக்கல."

"பிராட்வுர்ஸ்டோட நுனி!" சதுக்கம் முழுக்கக் கேட்டது. அவன் சட்டென்று திரும்பினான். கழகத்து மேசையைப் பார்த்துக் கரி படிந்த கையை நீட்டினான். "என்னடா சிரிப்பு? ஒரே தொட்டி. நான் ஒரு பக்கம் பிசைஞ்சேன், எங்கக்கா ஒரு பக்கம் பிசைஞ்சா. அப்பவே அது பிராட்வுர்ஸ்ட். எவனுக்காவது சந்தேகம் இருந்தா என் அடுப்பை முதல்ல கொட்டகைக்குப் பின்னாடி தள்ளிட்டு வந்து பேசுங்க!"

லோனி ஒரு கோப்பையை நிரப்பி, கேட்காமலே கிலியானின் பக்கம் தள்ளினாள்.

அவன் மறுபடி அக்காவைப் பார்த்தான். "ஒரு ஜோடி பிராட்வுர்ஸ்ட்" என்றான், இந்த முறை மெதுவாக. "வெங்காயம் கொஞ்சம் அதிகமா."

வால்புர்கா ஆழமான தட்டை எடுத்தாள். கரண்டியைத் தூக்கினாள். இரண்டையும் தட்டின் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தாள். வெங்காய வளையங்களை அள்ளி மேலே போட்டு, வினிகர்ச் சாற்றை விளிம்பு தொடாமல் ஊற்றினாள். என் கறுப்பு ரொட்டியில் ஒரு தடித்த துண்டை ஓரத்தில் சாய்த்தாள். சிந்திய ஒரு துளியைக் கட்டைவிரலால் துடைத்தாள். பிறகு தட்டை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள். அவன் கரிக் கையை முன்னங்கட்டுத் துணியில் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.